பன்னிரு கண் பந்து

கணினி வரைகலை கற்க வருகிறவர் முதலில் செய்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு பந்தைத்தான். ஓர் உருண்டையை வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கை மாட்டி, நிழல் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார். பிறகு அதையே கால்பந்தாக்குவார், கூடைப்பந்தாக்குவார். பினாங்குப் பிள்ளைக்கு இன்னொரு பந்தும் தெரியும். பள்ளித் திடலில் காலால் உதைத்து, தலையால் முட்டி, வலைக்கு மேலே அனுப்புகிற பின்னல் பந்து அது. செப்பாக் தக்ராவ் பந்து என்பார்கள். அதைத் திரைக்குக் கொண்டுவர உட்காரும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அந்தப் பந்தை வரைந்து முடிக்க முடியாது. கணினியிலும் அதைப் பின்னித்தான் ஆக வேண்டும்.

காட்டில் பிறந்து, பினாங்கில் வலை தாண்டி, கணினிக்குள் வந்து சேர்ந்த அந்தப் பந்தின் கதை இது.

காட்டிலிருந்து திடலுக்கு

பிரம்பு பார்ப்பதற்குக் கொடிபோல இருந்தாலும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயாக் காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஏறும். வெளியே கண்ணாடிபோல வழுவழுக்கும் தோல், உள்ளே மங்கிய நார். தோலை மெல்லிய கீற்றுகளாக வகிர்ந்து, நனைத்து, வளைத்துப் பின்னினால் கூடையாகும், நாற்காலியாகும். உருண்டையாகப் பின்னினால், தக்ராவுக்கு முந்திய ராகா ஆட்டத்தின் பந்தாகும்.

இந்த ஆட்டம் எவ்வளவு பழையது என்பதற்கு மலாக்காவின் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ஒரு துயரச் சம்பவமே சான்றாக இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்டபோது, தலைமை அமைச்சரான பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் ராகா ஆடிக்கொண்டிருந்தார். பந்து தவறிப்போய் இளவரசர் ராஜா முகமதுவின் தலைப்பாகையில் பட்டு அதைத் தட்டிவிட்டது. சினம் கொண்ட இளவரசர் அந்த இடத்திலேயே துன் பெசாரைக் குத்திக் கொன்றார். அரியணை ஏறும் உரிமையை அவர் இழந்தார். மலாக்காவை விட்டுப் பகாங் சென்று அங்கே சுல்தானானார். பாங்காக்கின் வாட் பிரா கேவ் கோயிலிலோ இதே பந்து இராமாயணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்குள்ள சுவரோவியத்தில் அனுமன் வானரங்களோடு வட்டமாக நின்று பந்தாடுகிறார்.

அந்த வட்டம்தான் பழைய ஆட்டம். எதிரணி கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. பந்து தரையில் விழாமல் எத்தனை முறை தட்ட முடியும் என்பதே போட்டி. இதைக் குறுக்கே வலை கட்டி இரு அணிகள் மோதும் ஆட்டமாக மாற்றியது பினாங்கு என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த அதே 1945-ஆம் ஆண்டில் அது நடந்ததாம். பூப்பந்து ஆட்டத்தின் விதிகளை அடியொற்றி எழுந்த இந்தப் புதிய ஆட்டத்துக்கு வழிகாட்டியவராகப் பினாங்கின் அமீது மைதீனைச் சொல்கிறார்கள். அந்தத் தொடர்பு இன்றும் திடலின் அளவில் அப்படியே இருக்கிறது. 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்: பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவேதான்.

அதன்பின் வேகம் கூடியது. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் இது இடம்பெற்றது. மலாய் மொழியின் ‘செப்பாக்’ என்ற சொல்லையும் தாய் மொழியின் ‘தக்ராவ்’ என்ற சொல்லையும் சேர்த்து இரு நாட்டாரும் ஒரே பெயருக்கு ஒப்புக்கொண்டார்கள். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமானது. அந்த ஆண்டும் 1994-இல் ஹிரோஷிமாவிலும் மலேசியா தங்கம் வென்றது. 2018-இல் இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் இந்திய ஆடவர் அணி வெண்கலம் வென்றபோது தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இந்த ஆட்டத்தின் பெயர் அறிமுகமானது.

இதற்கிடையில் பந்தும் மாறிவிட்டது. பிரம்புப் பந்துகளில் ஒன்று மற்றொன்றைப்போல இருக்காது. ஈரத்தில் கனக்கும், வெயிலில் உலரும், உதை பட்டுக் கீற்று பிரியும். 1980களில் தாய்லாந்திலிருந்து பிளாஸ்டிக் பந்து வந்தது. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் ஆடுவது அதை வைத்துத்தான். பொருள் மாறினாலும் பின்னல் மாறவில்லை. ஆடவர் பந்தின் சுற்றளவு 42 முதல் 44 சென்டிமீட்டர், எடை 170 முதல் 180 கிராம், 12 கண்கள், 20 சந்திப்புகள் என்று விதிநூல் வகுத்துவிட்டது. காட்டில் கீற்று பின்னியவர்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த வடிவம் அப்படியே சட்டமாகிவிட்டது.

திரைக்குப் பந்து வந்த வழி

இதே காலத்தில் பூமியின் மறுபக்கத்தில் வேறொரு கூட்டம் உருண்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் 1974-இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு, வளைந்த பரப்பின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் வழியைக் காட்டியது. இன்று டெக்ஸ்சர் என்று எல்லாரும் சொல்வதன் தொடக்கம் அங்கேதான்.

அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பூய் துவோங் போங் வியட்நாமின் ஹனோயில் பிறந்தவர். பளபளப்பான பொருளின்மேல் விளக்கொளி ஒரு வெள்ளைத் திட்டாகக் குவிவதை எளிய சூத்திரத்தில் பிடித்தவர் அவர். அந்தக் கட்டுரை 1975-இல் வெளியானது. அதே ஆண்டில், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் இறந்துபோனார். இன்றைக்கும் வரைகலை மாணவர்கள் பந்தின்மேல் ஒரு மினுக்கத்தை வைக்கும்போது அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் வட்டாரத்தில் பிறந்த ஒருவர் உலகத்தின் எல்லாத் திரைகளிலும் விட்டுச்சென்ற ஒளி அது.

1978-இல் ஜிம் பிளின் இன்னொரு வழியைக் கண்டார். பரப்பில் உண்மையான மேடுபள்ளம் தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் அந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்ற திசையை மட்டும் சற்றே சாய்த்தால் போதும், ஒளி அதற்கேற்ப விழும், கண் அதை மேடுபள்ளம் என்றே நம்பிவிடும். பம்ப் மேப் என்பது இதுதான். 1980-இல் டர்னர் விட்டட் ஒளிக்கதிரின் பாதையைப் பின்தொடர்ந்து, கட்டம்போட்ட தரைக்கு மேலே மிதக்கும் பந்துகளைக் காட்டினார். 1985-இல் கென் பெர்லின், இயற்கைப் பொருள்களில் இருக்கும் ஒழுங்கற்ற திட்டுகளையும் வரிகளையும் கணக்கிலேயே உண்டாக்கும் முறையை வெளியிட்டார்.

இவ்வளவும் கையில் இருந்தால் கால்பந்து எளிது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடிய டெல்ஸ்டார் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்கள், 20 வெள்ளை அறுகோணங்கள். அது மூடிய பந்து. ஓர் உருண்டைமேல் படத்தைப் போர்த்தி, தையல் இருக்கும் இடத்தில் பம்ப் மேப் வைத்தால் பார்ப்பவர் ஒப்புக்கொள்வார். கூடைப்பந்தின் சொரசொரப்புக்கும் அதே வழி போதும்.

தக்ராவ் பந்திடம் இந்த வித்தை செல்லாது. பம்ப் மேப் ஒளியை ஏமாற்றும், உருவரையை ஏமாற்ற முடியாது. பந்தின் நடுப்பகுதி பின்னல்போலத் தெரிந்தாலும் விளிம்பு மழமழவென்று வட்டமாகவே நிற்கும். அதோடு இது கண்கள் திறந்த பந்து. முன்பக்கக் கண் வழியாகப் பார்த்தால் பின்பக்கப் பின்னலின் உள்முகம் தெரியும், அதற்கும் அப்பால் இருக்கும் புல்தரையும் தெரியும். மேல்பூச்சு மட்டும் தெரிந்தவர் இங்கே தோற்பார். பந்தை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

கணக்கில் ஒரு பின்னல்

எப்படிப் பின்னுவது? 20 முக்கோணங்களால் ஆன ஐகோசஹெட்ரன் என்ற வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு 12 முனைகள். அவற்றின் இருப்பிடங்களை 0, 1, 1.618 என்ற மூன்று எண்களைச் சுழற்சியாக இடம் மாற்றியும் குறி மாற்றியும் எழுதிவிடலாம். 1.618 என்பது பொன் விகிதம். 12 முனைகளும் எதிரெதிராக நிற்கும் 6 சோடிகள். ஒவ்வொரு சோடியையும் ஓர் அச்சாக வைத்து, அதற்குச் செங்குத்தாகப் பந்தின் இடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். ஆறு அச்சுக்கும் ஆறு வட்டங்கள். முனைகள் இருந்த 12 இடங்களும் பந்தின் கண்களாக நிற்கும். பினாங்கின் தண்ணீர்மலை முருகனைக் கும்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்கவே மறக்காது: அவனுக்கு முகம் ஆறு, விழி பன்னிரண்டு, பந்துக்குப் பட்டை ஆறு, கண் பன்னிரண்டு.

எந்த இரண்டு வட்டங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஆறு வட்டங்களுக்கும் சேர்த்து 30 வெட்டுகள். ஒரு வட்டத்தில் 10, சரியாக 36 பாகைக்கு ஒன்று. இடையில் உண்டாகும் வெளிகள் 12 ஐங்கோணங்கள், 20 முக்கோணங்கள். கால்பந்தின் 12, 20 என்ற அதே எண்கள். இரண்டு பந்துகளும் ஒரே சமச்சீரின் பிள்ளைகள். ஒன்றைத் தோல் தைப்பவர்கள் கண்டார்கள், மற்றொன்றைப் பிரம்பு பின்னுபவர்கள் கண்டார்கள்.

இப்போது கோட்டைப் பட்டையாக்க வேண்டும். சுற்றளவு 43 சென்டிமீட்டர் என்று வைத்தால் விட்டம் 13.7 சென்டிமீட்டர். பட்டையை அகலமாக்கிக்கொண்டே போனால், இரண்டரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும்போது 20 முக்கோணங்களும் அடைபட்டுவிடும். பெரிய ஐங்கோணங்கள் மட்டும் திறந்திருக்கும். விதிநூல் சொல்லும் 12 கண்களும் 20 சந்திப்புகளும் இப்படித்தான் கிடைக்கின்றன. ஒவ்வொரு பட்டையும் பக்கம் பக்கமாக ஓடும் பல கீற்றுகளால் ஆனது என்பதால், பட்டையைத் தனித்தனி இழைகளாகப் பிரித்து, இழைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளியும் விட வேண்டும்.

அடுத்தது பின்னலின் உயிர். ஒரு பட்டை முதல் வெட்டில் மேலே போகும், அடுத்ததில் கீழே நுழையும், மறுபடி மேலே. பத்து வெட்டுகள் என்பதால் ஒரு சுற்றில் ஐந்து ஏற்றம், ஐந்து இறக்கம். கணினிக்கு இதைச் சொல்வது எளிது: மையத்திலிருந்து பட்டைக்குள்ள தூரம் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை கூடிக் குறையட்டும் என்றால் போதும். ஒரு பட்டையைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற ஐந்தும் அதைத் திருப்பி வைத்த நகல்களே. ஆனால் திருப்பும்போது ஒரு நகல் 36 பாகை தவறினாலும் ஏற்றம் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கம் வந்துவிடும். பட்டைகள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு நிற்கும். கையால் பின்னுகிறவருக்கு இந்தத் தவறு நேர வழியே இல்லை. பிரம்பு பிரம்பை ஊடுருவாதே.

ஒரு முக்கோணச் சந்திப்பை மட்டும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று பட்டைகள் கூடுகின்றன. முதலாவது இரண்டாவதன்மேல் ஏறுகிறது, இரண்டாவது மூன்றாவதன்மேல் ஏறுகிறது, மூன்றாவதோ முதலாவதன்மேல் ஏறுகிறது. மூன்றில் எதுவும் முழுக்க மேலேயும் இல்லை, முழுக்கக் கீழேயும் இல்லை. ஒவ்வொன்றும் ஒன்றை அழுத்தி, இன்னொன்றால் அழுத்தப்பட்டு இருக்கிறது. இப்படி இருபது பிடிகள். ஆணி இல்லாமல், பசை இல்லாமல் பந்து உருண்டையாக நிற்பதற்கும், ஓர் இடத்தில் விழும் உதையைப் பந்து முழுவதும் பகிர்ந்துகொள்வதற்கும் காரணம் இதுதான். கணக்கறிஞர்கள் சூத்திரத்தில் எழுதும் ஒரு வடிவத்தை, எழுத்தே தேவைப்படாமல் விரல்களால் எழுதி வைத்திருக்கிறார்கள் பின்னியவர்கள்.

தோலும் ஒளியும்

உருவம் நின்றதும் மேல்தோல். கால்பந்துக்குப் படம் போர்த்துவதில் ஒரு தீராத தொல்லை உண்டு. உருண்டையைத் தட்டையாக விரித்தால் எங்காவது இழுபடும். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்குவது இதனால்தான். பின்னல் பந்துக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு பட்டையும் 43 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நாடாதான். நேராக விரித்து அதன்மேல் பிரம்பின் படத்தை வைக்கலாம். நாடாவின் தலையும் வாலும் சேரும் இடத்தில் வரிகள் ஒட்டித் தெரிய வேண்டும், அவ்வளவே.

பிரம்பின் நிறம் ஒரே மஞ்சளாக இருக்காது. புதுக் கீற்று வைக்கோல் நிறம். வேர்வையும் வெயிலும் பட்டால் தேன் நிறம், பிறகு பழுப்பு. இடையிடையே கணு இருந்த தடம் குறுக்கே ஓடும். நீளவாக்கில் நார் வரிகள். இவற்றைப் பெர்லினின் முறையில், நீளவாக்கில் இழுத்துவிட்ட திட்டுகளாக உண்டாக்கலாம். ஆறு பட்டைகளுக்கும் ஒரே படத்தை வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கீற்றுக்கும் நிறத்தில் சிறு வேறுபாடு கொடுக்க வேண்டும்.

பந்து பந்தாக மாறுவது அதன் மினுக்கத்தில்தான். பழைய ராகா பந்து ஒன்றைக் கையில் வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பட்டை மேலே ஏறும் இடங்களில் கால் பட்டுப் பட்டு மெருகேறியிருக்கும். கீழே நுழையும் இடங்களில் தூசி படிந்து மங்கியிருக்கும். விளக்கொளி வட்டத் திட்டாக விழாமல், நாருக்குக் குறுக்கே நீண்ட கோடாக இழுபடும். கீற்றின் ஓரத்தில், தோல் வழித்த இடத்தில், உள்நார் மினுக்கமே இல்லாமல் வெளுத்துத் தெரியும். இவ்வளவையும் வழவழப்பு எங்கே, சொரசொரப்பு எங்கே என்று சொல்லும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். எங்கே மெருகேறும் என்பது குருட்டாம்போக்கில் வராது. முன்னே சொன்ன ஐந்து ஏற்றங்களின் உச்சிகள்தான் அந்த இடங்கள். பின்னலின் கணக்கே தேய்மானத்தின் வரைபடமாகவும் அமைகிறது.

பிளாஸ்டிக் பந்து என்றால் வேறு கணக்கு. நிறம் எங்கும் ஒன்றுபோல, இழைகள் அச்சில் வார்த்த ஒழுங்கோடு, பளபளப்பு முழுவதும் சமமாக இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பவை உராய்ந்த வெண்கீறல்களும் தரையின் சாயம் ஏறிய திட்டுகளுமே.

கடைசியில் ஒளி. கண்கள் வழியாக நுழையும் வெளிச்சம் உள்ளே பட்டைக்குப் பட்டை தெறித்து, பந்தின் வயிற்றை மங்கிய தேன் நிறத்தில் நிரப்பும். ஒளிக்கதிரைச் சில தெறிப்புகள்வரை பின்தொடரச் சொன்னால்தான் இது கிடைக்கும். கணக்கைச் சுருக்கினால் உள்ளே கன்னங்கரேலென்று இருட்டிவிடும். தரையில் விழும் நிழலிலும் கண்கள் தெரிய வேண்டும். முன்பக்கத்து ஆறு கண்களும் பின்பக்கத்து ஆறு கண்களும் எங்கெங்கே நேர்கோட்டில் வருகின்றனவோ, அங்கெல்லாம் வெளிச்சத் துண்டுகள் விழும்.

இங்கேயே செய்ய வேண்டியது

இதற்கெல்லாம் வேண்டிய கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிளெண்டர் என்ற மென்பொருளை, உலகெங்கும் இருந்த அதன் பயனர்கள் 2002-இல் ஒரு லட்சம் யூரோ திரட்டி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணினியின் உள்ளே ஓடும் சில்லுகளோ பினாங்குக்கு உறவுக்காரர்கள் போல. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் திறந்தபோது முதலில் வந்தவற்றுள் இன்டெலும் ஏஎம்டியும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை இங்கேதான் எழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் அக்காமார்களும் தம்பிமார்களும் உலகத்தின் சில்லுகளைச் சோதித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சில்லுகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் கோடி முறை உருள்கின்றன. இந்தத் தீவில் வலை தாண்டிய பந்தும் அதே தரத்தில் அங்கே உருள வேண்டும்.

நாள் கடத்தினால் கையை விட்டுப் போவது பந்தின் வடிவம் அன்று. அந்தக் கணக்கு எங்கும் ஓடிவிடாது. பிரம்புப் பந்தின் தோலும், தேய்மானமும், பின்னுபவர் கீற்றின் நுனியை எங்கே செருகி மறைக்கிறார் என்ற நுணுக்கமும் போய்விடும். போட்டிகள் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு பிரம்புப் பந்து பின்னுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த நுணுக்கத்தை எந்தச் சூத்திரமும் திருப்பித் தராது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் பெட்டியிலோ பழைய ராகா பந்து இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மேகமூட்டமான நாளில், நிழல் அழுத்தமாக விழாத இடத்தில் வைத்து, பந்தை அசைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து பல கோணங்களில் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். பின்னத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், முதல் கீற்றிலிருந்து கடைசி முடிச்சுவரை அவர் கைகளைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் படங்களை வரைகலை கற்கும் உங்கள் பிள்ளையிடமோ அருகிலுள்ள கல்லூரி மாணவரிடமோ கொடுத்து, ஒரு பந்தைப் பின்னச் சொல்லுங்கள். பின்னிய பந்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள்.